வவுச்சர் இல்லாத முடிவுகள்

புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வவுச்சர் இல்லாமல் ஒரு தேநீர்ச் செலவைக்கூடக் கணக்கில் ஏற்றமாட்டேன் என்பதால் அலுவலகத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. இவ்வளவு கறாரான நான், மனிதர்களைப் பற்றி மட்டும் எந்தச் சான்றும் கேட்காமல் பல ஆண்டுகளாக மனத்துக்குள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். மேலாளர் ஏன் இன்று தலையை மட்டும் ஆட்டினார், எங்கள் திருச்சபையில் நான் உள்ளே நுழைந்ததும் அந்த மூன்று பேரும் ஏன் பேச்சை நிறுத்தினார்கள், என் ஓரகத்தி எதைச் சொன்னாலும் ஏன் ‘உனக்கென்ன’ என்று தொடங்குகிறார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கற்பித்து, அந்தக் காரணத்துக்குப் பின்னால் இன்னொரு காரணத்தையும் தேடிக்கொண்டிருப்பேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேருந்து ஏறும்போது வெறும் சந்தேகமாக இருந்த ஒன்று, பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோயில், தவளக்குப்பம் எல்லாம் கடந்து அரியாங்குப்பம் வருவதற்குள் உறுதியான தீர்ப்பாகியிருக்கும்.

இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போனதில் என் விசுவாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது எந்த வழியில் உதவியது, எந்த வழியில் உதவவில்லை என்பதை இரண்டையும் சொல்லவேண்டும். ‘எல்லாரும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொள், மனம் லேசாகிவிடும்’ என்ற அறிவுரையைச் சபையிலும் வெளியிலும் நிறையக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு ஒருநாளும் பலன் தந்ததில்லை. கெட்ட ஊகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல ஊகத்தை வைத்தாலும் அது ஊகந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பழையது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு உதவியது, அடுத்தவர் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலையே அல்ல என்ற வேதாகமத்தின் அறிவிப்புதான். ‘மனுஷனிலுள்ள ஆவியேயன்றி மனுஷரில் எவன் மனுஷனுக்குரியவைகளை அறிவான்?’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். பிரசங்கத்தில் பலமுறை கேட்ட வசனந்தான். ஆனால், அதை என் ஓரகத்தியின் பெயரைப் போட்டு வாசித்துப் பார்த்த நாளில்தான், எனக்குத் தரப்படாத ஒரு வேலையை நான் இத்தனை காலமும் கூலி இல்லாமல் செய்துகொண்டிருந்தது புரிந்தது.

யோசிப்பது தவறென்று நான் சொல்லவரவில்லை. மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, கடனை எப்படி அடைப்பது என்று யோசித்தால் கடைசியில் ஒரு முடிவு கிடைக்கும், செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கும். மற்ற வகை நினைப்பு அப்படி எங்கும் போய்ச் சேராது. ஒரே பார்வையை, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்துப் பார்க்கும். இரண்டையும் பிரித்தறிய எனக்கு ஓர் அடையாளம் கிடைத்தது. எதிராளி பேசவேண்டிய வசனத்தை நான் எழுதத் தொடங்கிவிட்டேன் என்றால், யோசனை எல்லை மீறிவிட்டது என்று பொருள். ‘நான் இப்படிக் கேட்பேன், அதற்கு அவர் இப்படிச் சொல்வார், அப்போது நான் இப்படி மடக்குவேன்’ என்று பேருந்துச் சன்னலோரம் நடக்கும் அந்த நாடகத்தில், அவர் சொல்வதாக நான் எழுதிய எதையும் அவர் சொன்னதே இல்லை. ஆனால் அதற்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் மட்டும் முழுக்க உண்மையானது. அந்தக் கோபத்தோடுதான் அடுத்த முறை அவர் முகத்தைப் பார்ப்பேன்.

ஓரகத்தி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் கணவரின் அண்ணன் குடும்பம் கடலூர் முதுநகரில் இருக்கிறது. மாமனார் காலமான பிறகு அத்தை அவர்களோடுதான் இருந்தார். சர்க்கரை நோய், அதோடு முழங்கால் வலி. நான் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன் என்பதால், அத்தை எங்களோடு இருக்கும் பேச்சு எழவே இல்லை. எழாததுதான் சிக்கல். யாரும் பேசி முடிவுசெய்யாத ஓர் ஏற்பாடு தானாக நிலைத்துவிட்டது. அக்கா (ஓரகத்தியை நான் அப்படித்தான் அழைக்கிறேன்) ‘உனக்கென்ன, காலைல ஆபீசுக்குப் போயிடுவ’ என்று சொல்லும்போதெல்லாம், பொறுப்பிலிருந்து நழுவியவள் என்று என்னைக் குத்துவதாகவே எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு அவர் செய்த எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்த்தேன். அவர் மகன் சபையின் முழு உறுப்பினனாகும் திடப்படுத்தல் ஆராதனையில் என்னை முன்வரிசைக்கு அழைக்காதது, கிறிஸ்துமசுக்கு எனக்கு எடுத்த புடவையின் நிறம், தொலைபேசியை அவர் சட்டென்று வைத்தது எல்லாம் ஒரே வழக்கின் சாட்சியங்களாகச் சேர்ந்துகொண்டே போயின.

என் கணவரிடம் சொல்லி, அவர் தன் அண்ணனிடம் சொல்லி, அண்ணன் அக்காவிடம் கேட்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் குடும்பங்களில் எந்தப் பேச்சும் அப்படித்தானே சுற்றி வரும்! அதைத் தடுத்தது மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனம். ‘நீ போய், நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்று இயேசு சொல்லும் இடம். அங்கே மூன்றாம் ஆளுக்கு முதல் கட்டத்தில் இடமே கிடையாது. அடுத்த கட்டத்தில்தான் சாட்சிகள், அதற்கும் பிறகுதான் சபை. நாமோ பெரும்பாலும் சபையில் தொடங்கி, சம்பந்தப்பட்ட ஆளிடம் கடைசியாக வருகிறோம், சில சமயம் வராமலே விட்டுவிடுகிறோம்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கொல்லையில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொடுத்தேன். எப்படிக் கேட்பது என்று முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாகக் கேட்கவேண்டும், அவர் ‘இல்லை’ என்று சொல்லவும் இடம் இருக்கவேண்டும். “அக்கா, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. அத்தைய பாத்துக்காம நான் ஒதுங்கிட்டேன்னு உங்களுக்கு மனசுல இருக்கா? எனக்கு அப்படியே தோணிக்கிட்டு இருக்கு. தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க” என்றேன்.

அவர் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை. “இருக்கு” என்றார். “இல்லன்னு சொன்னா பொய்யாயிடும்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நீ நினைக்கிற மாதிரி எப்பவும் இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு அத்தைய பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு, அப்பதான் தோணும். இவ நிம்மதியா தூங்குவாளேன்னு தோணும். காலைல எந்திரிச்சா மறந்துடும்” என்றார்.

என் அனுமானம் சரியாகத்தான் இருந்தது என்பதை வாசிப்பவர்கள் கவனிக்கவேண்டும். இந்த விஷயத்தில் சபைகளில் சொல்லப்படும் அனுபவச் சாட்சிகள் பெரும்பாலும் ‘நான் தவறாக நினைத்துவிட்டேன், அவர்கள் அப்படி நினைக்கவே இல்லை’ என்றுதான் முடிகின்றன. வாழ்க்கை அப்படி இல்லை. சில சமயம் அவர்கள் நினைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அக்காவிடம் உண்மையில் இருந்த வருத்தத்துக்கு ஒரு நேரமும் ஒரு காரணமும் இருந்தன. இரவு ஒரு மணி, ஒரு முதியவரின் பாரம், தூக்கம் கெட்ட உடம்பு. என் மனத்தில் இருந்ததற்கோ அளவே இல்லை. புடவை நிறத்தைப் பற்றியும் முன்வரிசை பற்றியும் பின்னர் சிரித்தபடி கேட்டபோது, அப்படி நடந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. உண்மையான வருத்தத்துக்கு ஒரு பரிகாரம் இருக்கும். அன்றைக்கே பேசினோம். வெள்ளிக்கிழமை இரவு முதல் ஞாயிறு மாலை வரை அத்தை எங்கள் வீட்டில் இருப்பது, மாதாந்தரப் பரிசோதனையும் மாத்திரை வாங்குவதும் என் பொறுப்பு என்று முடிவாயிற்று. கற்பனையான வருத்தத்துக்கு இப்படி எந்த ஏற்பாடும் செய்ய முடியாது, ஏனென்றால் அதற்கு உரியவர் என்று வெளியே ஒருவரும் இல்லை.

யோசுவா புத்தகத்தின் 22-ஆம் அதிகாரத்தை இதற்குப் பிறகு நான் வேறு விதமாக வாசிக்கிறேன். இஸ்ரவேலரில் ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தான் ஓரத்தில் பார்வைக்குப் பெரிதான ஒரு பீடத்தைக் கட்டுகிறார்கள். செய்தி மற்றக் கோத்திரங்களுக்கு எட்டுகிறது. கர்த்தரை விட்டுவிட்டு வேறு பலிபீடம் எழுப்பிவிட்டார்கள் என்று எண்ணி, சீலோவில் யுத்தத்துக்கே கூடிவிடுகிறார்கள். பீடம் கட்டியது உண்மை. அதன் நோக்கம் அனுமானம். நல்லவேளையாக, படை புறப்படுவதற்கு முன் ஆசாரியனாகிய பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் கேட்டுவர அனுப்புகிறார்கள். கேட்டால், அது பலியிடுவதற்கான பீடமே அல்ல, ‘யோர்தானுக்கு அப்பால் இருக்கும் உங்களுக்குக் கர்த்தரிடத்தில் பங்கில்லை’ என்று நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைத் தள்ளிவிடக் கூடாதே என்று சாட்சிக்காக வைத்தது என்கிறார்கள். அவர்களும் ஓர் அச்சத்தினால், இன்னும் பிறக்காத சந்ததியார் என்ன சொல்வார்கள் என்ற அனுமானத்தினால்தான் அதைக் கட்டினார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு பக்கமும் ஊகித்தார்கள். ஒரு பக்கம் போய்க் கேட்டதால் ஓர் உள்நாட்டுப் போர் நின்றது.

போய்க் கேட்கவேண்டிய அவசியம் எல்லாவற்றுக்கும் இருக்காது. பெண்கள் சங்கத்தின் பொருளாளராக நான் இருந்தபோது, புதிதாக வந்த ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்), இனிமேல் காணிக்கை எண்ணும்போது பொருளாளரோடு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து தாளில் கையெழுத்திடவேண்டும் என்றார். என்மேல்தான் ஏதோ புகார் போயிருக்கிறது என்று மனம் உடனே ஓடியது. பிறகு பார்த்தால், அது எல்லாச் சங்கங்களுக்கும் சேர்த்துச் சொன்ன ஏற்பாடு. அலுவலகத்தில் அதே இரட்டைக் கையெழுத்து முறையை வற்புறுத்துகிறவளே நான்தான் என்பது வேறு கதை. புதுச்சேரியிலிருந்து திரும்பும் பேருந்து ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிற்கும்போது, மது பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கக் காவலர்கள் ஏறிப் பைகளைத் திறக்கச் சொல்வதுண்டு. முதல் தடவை ஒரு பெண் காவலர் என் பையைத் திறக்கச் சொல்லி, சாப்பாட்டு டப்பாவையும் குடையையும் ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகத்தையும் நகர்த்திப் பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனபோது எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவரோ என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இன்றைக்கு ஐம்பது பைகளில் அது ஒரு பை, அவ்வளவுதான். நம்மைக் குறித்து நடப்பதாக நாம் நினைப்பதில் பெரும்பகுதி, நம்மைக் குறித்து நடப்பதே இல்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையின் தண்ணீர் சேர்ந்து தென்பெண்ணை பெருகி வந்ததையும் எங்கள் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக்குச் சமிக்ஞையும் இல்லை. அந்த நாட்களில் யார் யாருக்கோ அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை. ஒருவர்மேலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை என்பதைப் பின்னால் யோசித்துப் பார்த்து வியந்தேன். காரணம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. சாதாரண நாளில் ஒருவர் பதில் அனுப்பாதபோது மட்டும், அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாத அதே இடத்தில், என் பெயரைப் போட்டு நிரப்பிக்கொள்கிறேன்.

நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவள். திடப்படுத்தல் வகுப்பில், விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யவேண்டும். மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய அந்தச் சிறு நூலில், ‘பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக’ என்ற எட்டாம் கற்பனைக்கு (பத்துக் கட்டளைகளில் ஒன்று) அவர் தரும் விளக்கம், பொய் சொல்லாதே என்பதோடு நிற்காது. அயலானுக்காகப் பரிந்து பேசவேண்டும், அவனைப் பற்றி நல்லதைச் சொல்லவேண்டும், அவன் செயலுக்குக் கூடியமட்டும் நல்ல பொருளே கொள்ளவேண்டும் என்று முடியும். (தென்னிந்தியத் திருச்சபையாகிய சி.எஸ்.ஐ. நண்பர்கள் இதை ஒன்பதாம் கற்பனை என்பார்கள். எண்ணிக்கை முறை வேறு, கற்பனை ஒன்றுதான்.) அலுவலகத்தில் என்னோடு சாப்பிடும் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி, புதுச்சேரி இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் பேராலயத்துக்கு மதியத்தில் போய்வருகிற பழக்கம் உள்ளவள். இதை அவளிடம் சொன்னபோது, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் இதைத்தானே சொல்கிறார் என்றாள். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே, நல்ல கிறிஸ்தவர் அடுத்தவர் சொன்னதைக் கண்டிப்பதைவிட அதற்கு நல்ல பொருள் காணவே முந்தவேண்டும், முடியாவிட்டால் அவர் அதை எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரையே கேட்கவேண்டும் என்று இருக்கிறதாம். பின்னர் நானும் வாசித்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. அந்த நூற்றாண்டில் சீர்திருத்த அணியிலும் கத்தோலிக்க அணியிலுமாக எதிரெதிரே நின்றவர்கள் இந்த ஒன்றில் ஏறக்குறைய ஒரே வரியை எழுதியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

நல்ல ஊகமும் ஊகந்தான் என்று முன்னால் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். நான் புரிந்துகொண்ட அளவில் முரண் இல்லை. லூத்தர் பேசுவது, ஒருவரைப் பற்றி மற்றவர் முன்னிலையில் நான் திறக்கும் வாயைக் குறித்து. அங்கே சந்தேகத்தின் பலனை அயலானுக்குக் கொடுத்தே ஆகவேண்டும், ஏனென்றால் அவர் அங்கே இல்லை, தனக்காகப் பேச முடியாது. இஞ்ஞாசியார் அதற்கு அடுத்த படியைச் சொல்கிறார்: போதாவிட்டால் கேள். இருவருமே, அவர் நல்லவர்தான் என்று உனக்குள் நீயே அடித்துச் சொல்லிக்கொண்டிரு என்று சொல்லவில்லை.

நடைமுறையில் நான் கைக்கொள்வது மிகச் சாதாரணமான ஒன்று. பழைய கணக்கு நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கத்தில் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுவேன். வலப்பக்கத்தில் நான் அதோடு சேர்த்ததை எழுதுவேன். ‘மேலாளர் கோப்பை என்னிடம் கேட்காமல் எடுத்து இன்னொருவரிடம் கொடுத்தார்’ என்பது இடப்பக்கம். ‘என்மேல் நம்பிக்கை போய்விட்டது’ என்பது வலப்பக்கம். இடப்பக்கம் பெரும்பாலும் ஒரு வரியைத் தாண்டாது, வலப்பக்கம் தாளை நிரப்பிவிடும். அறிவாற்றல் சிகிச்சை முறையை வகுத்த அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், 1960-களிலேயே, போதிய ஆதாரம் இல்லாமல் ஒரு முடிவுக்குத் தாவுவதை மனச்சோர்வு உள்ளவர்களின் சிந்தனையில் காணும் கோணல்களில் ஒன்றாகக் குறித்திருக்கிறார். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது எவற்றைச் சிந்திக்கவேண்டும் என்று ஒரு வரிசை தருகிறார் அல்லவா, அதில் முதலில் நிற்பது ‘உண்மையுள்ளவைகளெவைகளோ’ என்பதுதான். ஒழுக்கமும் நீதியும் கற்பும் அன்பும் அதற்குப் பிறகே வருகின்றன. வலப்பக்கத்து வரிகள் அந்த முதல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெபித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் அனுபவத்தில், ஜெபமே இந்த நோய்க்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும் ஆபத்து உண்டு. கண்ணை மூடி, ‘ஆண்டவரே, இன்னார் எனக்கு இப்படிச் செய்தது உமக்குத் தெரியும்’ என்று தொடங்கினால், அது முழங்காலில் நின்று நடத்தும் அதே வழக்கு விசாரணைதான். இன்னும் மோசமானது கூட்டத்தில் கொடுக்கும் ஜெபக் குறிப்பு. ‘அவங்களுக்காகக் கொஞ்சம் பாரமா ஜெபிச்சுக்கோங்க, வீட்ல என்னமோ சரியில்லை போல’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஆமென் சொல்லி எழுவதற்குள் அந்த ‘என்னமோ’வுக்கு நான்கு வடிவங்கள் கிடைத்துவிடும். எங்கள் பெண்கள் சங்கத்தில் இப்போது, சம்பந்தப்பட்டவர் தானே கேட்டால் ஒழிய யார் பெயரையும் ஜெபக் குறிப்பாகச் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறோம். கூட்டம் கொஞ்சம் சீக்கிரமாகவே முடிகிறது.

தனியாக ஜெபிக்கும்போது நான் பிடித்துக்கொள்வது 94-ஆம் சங்கீதத்தின் 19-ஆம் வசனம்: ‘என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில், உம்முடைய ஆறுதல்கள் என் ஆத்துமாவைத் தேற்றுகிறது.’ விசாரங்கள் பெருகுவதைச் சங்கீதக்காரன் மறைக்கவில்லை, அதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை. பெருகும் என்று ஒப்புக்கொண்டே ஆறுதலைத் தேடுகிறான். இரவில் படுக்கையில்தான் எனக்குத் தொல்லை அதிகம். லூத்தரின் ஞானோபதேசத்தில் மாலை ஜெபத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு உடனே சந்தோஷமாகத் தூங்கப் போகவேண்டும் என்று ஓர் அறிவுரை உண்டு. சிறுவயதில் அது வேடிக்கையாக இருந்தது, இப்போது அதை ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஜெபம் முடிந்த பிறகு அதே விஷயத்தை மறுபடி திறப்பதில்லை. திறந்தால், எழுந்து நோட்டில் எழுதிவிட்டு விளக்கை அணைப்பேன்.

கேட்டும் தெரியாதவை, கேட்கவே வழியில்லாதவை சில இருக்கின்றன. பாடகர் குழுவில் என்னோடு பல ஆண்டுகள் பாடிய ஒரு தோழி, ஒரு கட்டத்தில் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நேரில் போய்க் கேட்டேன், ‘ஒண்ணுமில்லப்பா’ என்றாள். பிறகு குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டாள். இன்றுவரை காரணம் தெரியாது. எங்கள் தொழிலில், வந்த பணம் யாருடையது, எதற்கானது என்று தெரியாவிட்டால், அதை இஷ்டத்துக்கு ஒரு தலைப்பில் எழுதிவிட மாட்டோம். சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். விவரம் வரும்வரை அது வருமானமும் இல்லை, கடனும் இல்லை. ‘கர்த்தர் வருமளவும் நீங்கள் காலத்துக்குமுன்னே யாதொன்றைக்குறித்தும் தீர்ப்புச்சொல்லாதிருங்கள்’ என்று பவுல் அதே கொரிந்தியருக்குச் சொல்வது எனக்கு அந்தத் தலைப்பைத் திறந்து கொடுத்தது. அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், மற்றவர்கள் தன்னைத் தீர்ப்பிடுவது தனக்கு அற்பகாரியம் என்றும், தானும் தன்னைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை என்றும் எழுதுகிறார். இரண்டாவது பகுதிதான் எனக்கு அதிகம் வேண்டியிருந்தது. தோழியை நான் தீர்ப்பிட்டதைவிட, நான் என்ன தவறு செய்திருப்பேன் என்று என்னையே தீர்ப்பிட்டுக்கொண்டிருந்ததுதான் அதிகம். ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்புகிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஆண்டும் அனுப்புவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. நினைப்புகள் சுழல்வதால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்ற நிலை வந்தால், அது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஜெபமும் மாத்திரையும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை.

இன்னொன்று, ‘அனுமானிக்காதே, தீர்ப்பிடாதே’ என்ற உபதேசத்தை, கண்ணால் கண்ட அநியாயத்தை மூடுவதற்குப் பயன்படுத்துகிறவர்கள் சபைகளிலும் வீடுகளிலும் இருக்கிறார்கள். கணக்கு கேட்டால், ‘நீங்க ஏன் சந்தேகப்படுறீங்க, ஆண்டவர் பாத்துக்குவார்’ என்பார்கள். அடிவாங்கிக்கொண்டு வருகிற பெண்ணிடம், ‘அவர் மனசுல என்ன கஷ்டமோ’ என்பார்கள். உடம்பில் இருக்கும் காயமும் ரசீது இல்லாத செலவும் அனுமானம் அல்ல, அவை நோட்டின் இடப்பக்கத்தில் எழுதவேண்டியவை. அவற்றைக் கண்டால் கணக்கைக் கேட்கவேண்டும், அந்தப் பெண்ணுக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கொடுத்து, அவள் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும். அவள் கணவர் ஏன் அப்படிச் செய்தார் என்ற ஆராய்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.